சான்றும் சாட்சியும்

சென்ற நோன்புப் பெருநாள் கழிந்த இரண்டாம் வாரம். மஃரிபுத் தொழுகை முடிந்து பள்ளிவாசற் படியிறங்கி வந்தேன். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவன் ஒருவன் செருப்புகள் கிடக்கும் திண்ணையருகே எனக்காகக் காத்து நின்றான். அவன் கையில் நீல நிற பிளாஸ்டிக் ஃபைல் ஒன்றிருந்தது. ஸலாம் கூறிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றான்.

"என்ன தம்பி?" என்றேன்.

"ஜமாஅத் லெட்டர்பேடில் ஒரு கடிதம் வேண்டும், சார். ரமலான் 30 நாளும் நோன்புக் கஞ்சி வழங்குவதில் நான் தொண்டு செய்தேன் என்று எழுதித் தரவேண்டும்."

பள்ளி ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் ஜமாஅத்தின் கணக்கு நோட்டை எழுதி வருபவன் நான். கஞ்சிக்கு அரிசி கொடுத்தவர் யார், அடுப்படியில் நின்றவர் யார், பாத்திரம் ஏந்தி வந்த பிள்ளைகளுக்கு ஊற்றியவர் யார் என்பதெல்லாம் அந்த நோட்டில் உண்டு. அவன் வந்தது 3 நாட்கள். எனக்கு அது தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். ஆகவேதான் தரையைப் பார்த்துப் பேசினான்.

"எல்லாரும் இப்படித்தான் வாங்குகிறார்கள், சார். கூடப் படிப்பவர்கள் ஃபைல் தடி தடியாக இருக்கிறது. என் ஃபைலில் மார்க் ஷீட்டைத் தவிர ஒன்றுமில்லை."

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் வருமாறு சொல்லி அனுப்பினேன். முடியாதென்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல நா எழாமைக்குக் காரணம் ஒன்றுண்டு. அதனைப் பின்னர்க் கூறுகிறேன்.

போர்ட்ஃபோலியோ என்று பெயர் பெற்ற இக்கோப்பு, ஓவியரும் கட்டடக் கலைஞரும் தாம் செய்த வேலைகளின் மாதிரிகளைத் தோலுறையிலிட்டு எடுத்துச் சென்ற வழக்கத்திலிருந்து வந்தது. இன்று அது பதினைந்து வயதுப் பள்ளிப் பிள்ளையின் கைக்கும் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கை 2007ஆம் ஆண்டு முதல் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நடைபெறுகின்றது. மருத்துவத்துக்கு நீட் தேர்வின் மதிப்பெண். அவ்விடங்களில் இந்த ஃபைலுக்கு வேலையில்லை. ஆயினும் வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகம், அயல்நாட்டுக் கல்லூரி, அறக்கட்டளைகளின் உதவித்தொகை, வேலைக்கான நேர்முகம் என்று படி ஏறியதும், "மதிப்பெண் இருக்கட்டும், நீ வேறு என்ன செய்தாய்?" என்ற வினா எழுகின்றது. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்குப் பொதுவாக அமைந்த விண்ணப்பம் ஒன்றில், மாணவன் வகுப்பறைக்கு வெளியே ஆற்றிய செயல்களை எழுத 10 இடங்கள் விடப்பட்டுள்ளன. நம் மாநில அரசும் 2022ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கி, பள்ளிப் பருவத்திலேயே மேற்படிப்பையும் தொழிலையும் பற்றி எண்ணுமாறு பிள்ளைகளைத் தூண்டி வருகின்றது. தூண்டுவது நன்றே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே கடைசியாக, நூற்றுக்கு 68.5 என்று நின்றது நம் தருமபுரி மாவட்டம். பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் ஒசூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறும் குடும்பங்களின் முதல் பட்டதாரிகள் இப்பிள்ளைகள். இவர்களுக்கு வழிகாட்ட யாரேனும் வேண்டாமா?

ஆனால் நம் பெரியவர்கள் சிலருக்கு இந்த ஃபைலே ஆகாது. நண்பர் ஒருவரிடம் இதுபற்றிப் பேசியபோது அவர் சீறினார்: "செய்த நன்மையைத் தாளில் எழுதி, உறை போட்டு, ஊருக்குக் காட்டுவதா? இது முகஸ்துதி இல்லாமல் வேறென்ன?" அவர் சீற்றத்துக்கு ஆதாரம் இல்லாமலில்லை. தன்னை வீரன் என்று பிறர் சொல்வதற்காகப் போரிட்டவன், ஆலிம் என்று சொல்வதற்காகக் கற்றவன், கொடையாளி என்று சொல்வதற்காகக் கொடுத்தவன், இம்மூவர் மீதும் மறுமையில் முதன்முதலாகத் தீர்ப்பளிக்கப்படும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அதைக் கேட்டு நடுங்காத உள்ளம் உள்ளமன்று.

எனினும், முகஸ்துதியின் வேரையும் கிளையையும் ஆராய்ந்து எழுதிய இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், என் நண்பரைப் போல் ஒரே வீச்சில் வெட்டிவிடவில்லை. 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலின் மூன்றாம் பகுதியில், மக்கள் மனத்தில் இடம் தேடுவதைப் பற்றி அவர்கள் நிதானமாகப் பேசுகிறார்கள். வணக்கத்தைக் காட்டி மதிப்புத் தேடுவது பாவம், அதில் ஐயமில்லை. தன்னிடம் இல்லாத கல்வியையோ பேணுதலையோ குலத்தையோ இருப்பதாகக் காட்டி இடம் பிடிப்பதும் பாவம், ஏனெனில் அது ஏமாற்று. ஆனால் தன்னிடம் மெய்யாகவே உள்ள தகுதியை, அது தேவைப்படும் இடத்தில் எடுத்துரைத்து இடம் கேட்பது ஆகுமானது. இதற்கு இமாமவர்கள் காட்டும் சான்று யூஸுப் நபி (அலை) அவர்கள். பஞ்சம் வரப்போகும் எகிப்தின் அரசனிடம், நாட்டின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் விடும்படி கேட்டு, காக்கவும் அறியவும் தமக்குத் திறமுண்டு என்று தாமே சொன்னவர்கள் அன்றோ அவர்கள்! சிறையிலிருந்து வெளிவந்தவருக்கு ஊரில் பரிந்து பேச ஆளில்லை. வாய் திறவாமல் அடக்கம் காத்திருந்தால் நாடு பட்டினி கிடந்திருக்கும்.

ஆகவே ஃபைல் வைத்திருப்பது பாவமன்று. ஆள் பலமற்ற ஏழைப் பிள்ளைக்கு அது வாயாகும். பொய் சொல்லும் ஃபைலே பாவம் என்று முடித்துவிடலாம்போல் தோன்றுகிறது. ஆனால் சிக்கல் அங்கே முடியவில்லை. மெய்யையே சொல்லும் ஃபைலிலும் ஒரு தீங்கு ஒளிந்திருக்கின்றது. அதனை நமக்குக் காட்டுபவர், நம் மண்ணோடு தொடர்புடைய ஒரு மூதாட்டி.

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதனை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவனுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். மயிற்பீலி கட்டி, மாலை சூட்டி, நெய் தடவி, காவல் மிக்க மாளிகையில் பளபளவென்று வரிசையாய் நின்றன வேல்கள். பார்த்துவிட்டு ஔவையார் சொன்ன விடை புறநானூற்றின் 95ஆம் பாடலாக நிற்கின்றது. உன் வேல்கள் இப்படி அழகாக உள்ளன. எங்கள் வேந்தனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து, கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்பது அதன் சாரம். புகழ்வது போலச் சொன்ன அச்சொல்லில் எத்துணைக் கூர்மை!

தொண்டைமானின் வேல்கள் பொய் வேல்கள் அல்ல. நல்ல இரும்புதான். காட்டுவதற்கென்றே வைக்கப்பட்டதுதான் அவற்றின் குறை. இன்று பிள்ளைகளின் ஃபைலில் சேரும் சான்றுகள் பலவும் அத்தகையனவே. இரண்டு நாள் ரோபோட்டிக்ஸ் பயிலரங்கு, ஒரு வாரத் தலைமைப் பண்பு முகாம், வீட்டிலிருந்தபடி கணினியில் முடித்த படிப்பு, முதியோர் இல்லத்தில் எடுத்துக்கொண்ட புகைப்படம். எதிலும் பொய்யில்லை. ஆனால், "இதைச் செய்தால் சர்டிபிகேட் உண்டா?" என்று கேட்டுவிட்டே செய்யப்பட்டவை. அப்படிக் கேட்கப் பழகிய பிள்ளை, சர்டிபிகேட் தராத செயலை நாளடைவில் செயலாகவே கருதாமற் போய்விடும். பாட்டிக்கு மருந்து வாங்கி வருவதற்கு எவரும் சர்டிபிகேட் தருவதில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இளமைக் காலச் செய்தி ஒன்றும் ஈண்டு நினைவுக்கு வருகின்றது. ஜுர்ஜானில் கல்வி கற்றுவிட்டுச் சொந்த ஊராகிய தூஸுக்குத் திரும்பும் வழியில் கொள்ளையர் மறித்து எல்லாவற்றையும் பறித்துச் சென்றனர். இளைஞர் கஸ்ஸாலி அவர்களைப் பின்தொடர்ந்தார். "என் குறிப்பேடுகளை மட்டுமாவது தந்துவிடுங்கள், அவை உங்களுக்குப் பயன்படா, அவற்றுக்காகவே ஊர்விட்டு ஊர் சென்றேன், என் கல்வி முழுதும் அவற்றில்தான் இருக்கிறது" என்று கெஞ்சினார். கொள்ளையர் தலைவன் சிரித்தான். நாங்கள் பையைப் பறித்ததும் உன் கல்வி போய்விட்டதென்றால் நீ கற்றேன் என்று எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டுவிட்டு, ஏடுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னான். அல்லாஹ்வே அவன் வாயால் தமக்கு வழிகாட்டியதாக எண்ணிய கஸ்ஸாலி, ஊர் திரும்பி 3 ஆண்டுகள் அக்குறிப்புகள் முழுவதையும் நெஞ்சில் பதித்தார். இனி எவன் மறித்தாலும் இழப்பதற்கு ஒன்றுமில்லை என்ற நிலை வந்தபின்பே அமைதியடைந்தார். நம் பிள்ளையின் ஃபைல் நாளை பஸ்ஸில் தொலைந்து போனால் அவனிடம் என்ன மிஞ்சும்? பெற்றோர் இக்கேள்வியை ஒருமுறையேனும் தமக்குள் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இதில் பணத்தின் பங்கையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. மதிப்பெண்ணுக்கு அப்பால் மாணவனின் குணத்தையும் ஆளுமையையும் பார்ப்போம் என்பது கேட்பதற்கு இனிய சொல். அதன் பிறப்போ அத்துணை இனிதன்று. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1920களில் தேர்வில் வென்று யூத மாணவர் பெருந்தொகையினராய் வந்து சேர்ந்தனர். அது பொறாத அதன் தலைவர் லோவெல், 1922இல் அவர்களுக்கு வெளிப்படையாகவே வரம்பு கட்ட முயன்றார். அது ஏற்கப்படாமற் போகவே, 1926இல் குணமும் ஆளுமையும் சேர்க்கையில் அளவுகோலாயின. யூதர் எண்ணிக்கையும் குறைந்தது. சிறுபான்மையினராகிய நாம் மறக்கக்கூடாத வரலாறு இது. எண்ணில் அளக்க முடியாத ஒன்றை அளவுகோலாக்கும்போது, அளப்பவன் மனச்சாய்வும் அளவோடு கலந்துவிடும். அந்த நாட்டிலேயே 2019இல் வெளிப்பட்ட ஊழல் ஒன்றில், விளையாட்டுத் திடலை மிதித்திராத செல்வர் பிள்ளைகளை விளையாட்டு வீரர்களாகக் காட்டும் போலிப் படங்களும் போலிக் குறிப்புகளும் பெரும் பணத்துக்குத் தயாரிக்கப்பட்டமை உலகறிந்தது. தருமபுரிச் சிறுவன் கேட்ட கஞ்சிக் கடிதம் அதன் முன் எம்மாத்திரம் என்று வாசகர் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன். பெரிய பொய்யைக் காட்டிச் சிறிய பொய்யை விடுவித்துக்கொள்வது மனத்தின் பழைய தந்திரம்.

அந்த வாரம் முழுவதும் என்னை வருத்திய கேள்வி வேறு. அவன் ஏன் 3 நாட்கள் மட்டுமே வந்தான்? விசாரித்தபோது விடை எளிதில் கிடைத்தது. அவன் தந்தை பஸ் நிலையச் சாலையில் டயர் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருப்பவர். வலக்கண் பார்வை மங்கிப்போய் ஈராண்டாகிறது. பள்ளி விட்டதும் பையன் கடைக்கு வந்துவிடுகின்றான். லாரிக்காரர்களின் கடன் நோட்டு, டியூப் வாங்கிய பில், வாரக் கடைசியில் வசூல், எல்லாம் அவன் பொறுப்பு. நோன்பு திறக்கும் நேரத்திலும் சாலையில் நிற்கும் வண்டிக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தவன் அவன். ஃபைலில் ஒன்றுமில்லை என்று சொன்னவன் கையில் இத்தனை இருந்தது! அது தகுதி என்று அவனுக்கும் தோன்றவில்லை. அவனைப் பெற்றவர்களுக்கும் தோன்றவில்லை. சொல்லப்போனால், சொல்ல வெட்கப்பட்டார்கள்.

இந்த வெட்கம் நம் வீடுகளில் பரவலாக உண்டு. மதரஸாவில் சிறு பிள்ளைகளுக்கு அலிஃப், பே சொல்லிக் கொடுக்கும் பெண், உருது பேசும் பாட்டிக்கும் தமிழ் மட்டுமே அறிந்த மருத்துவருக்கும் இடையே நின்று மொழிபெயர்க்கும் பேத்தி, பாலக்கோட்டுச் சந்தையில் தக்காளிப் பெட்டி எண்ணி விலை எழுதும் சிறுவன், இவர்களெல்லாம் தம்மிடம் காட்ட ஒன்றுமில்லை என்றே சொல்வார்கள். ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களின் சிறுவயதுச் செய்தியை நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராமேசுவரத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டபோது, ஓடும் ரயிலிலிருந்து எறியப்பட்ட நாளிதழ்க் கட்டுகளைப் பொறுக்கி வழங்க உறவினர் ஒருவருக்குத் துணை நின்றார் அவர். குடியரசுத் தலைவரான ஒருவர் சொன்னதால் அது பெருமையாயிற்று. பஞ்சர் கடைப் பையன் அதையே செய்தால் அது வறுமையின் அடையாளம் என்று மறைக்கின்றோம். கலாம் அவர்களுக்கும் எல்லாக் கதவும் திறந்துவிடவில்லை. விமானப்படைத் தேர்வில் 25 பேரில் 9ஆம் இடம் வந்தார். எடுத்துக்கொண்டதோ 8 பேரை. தம் வாழ்க்கை வரலாற்றில் அந்தத் தோல்வியையும் மறைக்காமல் எழுதி வைத்தார்.

மூஸா நபி (அலை) அவர்கள் மத்யன் நகரக் கிணற்றடிக்கு வந்து சேர்ந்தபோது அவர்களிடம் என்ன இருந்தது? உடுத்திய ஆடையும் உடற்களைப்பும்தான். ஆடுகளுடன் ஒதுங்கி நின்ற இரு பெண்களுக்கு நீர் இறைத்துக் கொடுத்துவிட்டு நிழலில் போய் அமர்ந்தார்கள். வேலை கேட்கவில்லை. பெண்களில் ஒருத்தி தன் தந்தையிடம், இவரைக் கூலிக்கு அமர்த்துங்கள், வலிமையும் நம்பிக்கையும் உடையவரே அமர்த்தத் தக்கவர் என்று சொன்னதாகத் திருக்குர்ஆன் கூறுகின்றது. அவள் கண்ணால் கண்டவள். கண்டதைச் சொன்னாள். உலகில் நற்சான்று என்று ஒன்று இருக்குமானால் அதுவே அதன் மூல வடிவம் என்பேன். செய்தவர் கேட்டு வாங்கியதன்று. கண்டவர் தாமாகக் கொடுத்தது.

எனவே இதில் பாதிப் பொறுப்பு பிள்ளைகளுடையதன்று; கண்டவர்களாகிய நம்முடையது. நம் முன்னோர் இதில் எத்துணைக் கண்டிப்பாக இருந்தனர் என்பதற்கு டமாஸ்கஸ் நகரின் பழைய ஹதீஸ் ஏடுகளே சான்று. ஒரு நூல் ஆசிரியர் முன்னிலையில் ஓதப்பட்டபோது கேட்டவர் யார், ஓதியவர் யார், எந்த இடம், எந்த நாள் என்றெல்லாம் ஏட்டின் ஓரத்தில் எழுதி வைத்தார்கள். இடையில் வராமற் போனவர் எப்பகுதியைத் தவறவிட்டார் என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். ஒரு நாள் வராதவனுக்கு அந்த ஒரு நாள் குறைத்தே சான்று கிடைத்தது. அந்தக் குறையே மற்ற நாட்களின் மெய்ம்மைக்குப் பிணை.

இப்போது, அன்று என் நா எழாமைக்குக் காரணம் சொல்கிறேன். நான் பணியிலிருந்த காலத்தில், ஊரில் செல்வாக்குள்ள ஒருவர் தம் மகனுக்குச் சாரணர் முகாமில் கலந்துகொண்டதாக ஒரு சான்று கேட்டார். பையன் முகாமுக்கு வரவில்லை. மற்றவர்களுக்கான தாள்களோடு அவன் பெயரையும் எழுதிக் கையொப்பமிட்டேன். எவரும் கேட்கவில்லை, எவருக்கும் தெரியாது. பெரும் பாவங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது சாய்ந்திருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், பொய்ச் சாட்சியைக் குறிப்பிட நேர்ந்ததும் நிமிர்ந்து அமர்ந்து, போதும் போதும் என்று தோழர்கள் மனத்துள் நினைக்குமளவு அதனைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள் என்ற ஹதீஸை நான் எத்தனையோ முறை வகுப்பில் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். செல்வர் மகனுக்குத் தயங்காமல் எழுதிய கை, பஞ்சர் கடைக்காரர் மகனுக்கு மட்டும் மார்க்கம் பேசினால் அது நேர்மையா? இதுவே என்னைக் குடைந்தது. ஒருமுறை தவறியவன் நியாயம் கருதி மறுமுறையும் தவற வேண்டுமா என்று எதிர்க் கேள்வியும் எழுந்தது. இரண்டுக்கும் நடுவே நான்கு இரவுகள் கழிந்தன.

வெள்ளிக்கிழமை அவன் வந்தான். கடிதத்தை முன்பே எழுதி வைத்திருந்தேன். ரமலானில் 3 நாட்கள் கஞ்சி வழங்கத் துணை நின்றான் என்பது முதல் வரி. பார்வை குன்றிய தந்தையின் கடையில் ஈராண்டுகளாகக் கடன் நோட்டும் கொள்முதல் கணக்கும் எழுதி வருகிறான். அந்நோட்டுகளை அவன் தந்தையின் இசைவுடன் நான் பார்த்தேன். கணக்கு எழுதும் வேலையை அறிந்தவன் என்ற முறையில், கூட்டலில் பிழையோ அடித்தலோ இல்லாத அந்தக் கணக்கை மெச்சுகிறேன் என்பன அடுத்த வரிகள். என் கையொப்பத்தின் கீழ் என் தொலைபேசி எண்ணையும் எழுதியிருந்தேன், விரும்புவோர் கேட்டறியட்டும் என்று.

வாசித்தான். முகம் சிவந்தது.

"பஞ்சர் கடை என்று போட்டிருக்கிறீர்களே, சார்."

"பஞ்சர் கடைதானே தம்பி?"

"ஆமாம். ஆனால்... 3 நாள் என்று இருப்பதை மட்டுமாவது எடுத்துவிடலாமே. கொஞ்சமாக இருக்கிறதே."

"அது இருந்தால்தான் மற்றதை நம்புவார்கள்" என்றேன்.

அவன் பதில் சொல்லவில்லை. ஃபைலைத் திறந்தான். மார்க் ஷீட்டுக்குப் பின்னே வெறுமையாய் இருந்த உறைகளைப் புரட்டிக் கடைசி உறையில் கடிதத்தைச் செருகினான். பிறகு என்ன நினைத்தானோ, அதனை வெளியே எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "அத்தாவிடம் காட்டிவிட்டு வைக்கிறேன், சார்" என்று ஸலாம் கூறி, சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைப் பக்கம் போனான்.

அன்று மாலை கணக்கு நோட்டின் பின்பக்கத்தில், எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் நான் கையொப்பமிட்ட அந்தச் சாரணர் சான்றையும், அது பொய் என்பதையும், என் பெயரையும் எழுதி வைத்தேன். ஜமாஅத் தலைவர் அடுத்த மாதக் கணக்கைப் பார்க்கும்போது அதனையும் பார்ப்பார்.